ஐந்துக்கு ஐந்து

நான் வங்கித் தொழில்நுட்பம் நடத்திய வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியே கத்தரித் தோட்டம். மருந்து அடிக்கிற நாட்களில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மின்சாரம் போன வெக்கையில், கரும்பலகையில் 'காகிதமில்லா வங்கி' என்று எழுதுவேன். எதிரே முப்பது எம்.பி.ஏ. மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருப்பார்கள். தேனியிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில் எங்கள் துறை இருந்தது. லிஃப்ட்டுக்காக விட்ட பள்ளத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் பாடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. பிரசவ விடுப்பில் இருந்தபோது துறையில் பாடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையியல், மனிதவளம் எல்லாம் போனபின், யாரும் தொடாமல் கிடந்தது இது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல நான் அந்த அறையில் இல்லை; ஆகவே என் பெயருக்கு நேரே எழுதிவிட்டார்கள். திரும்பி வந்ததும் ஒரு வாரம், ஒரு கையில் பாடப் புத்தகமும் மறு கையில் பால் புட்டியுமாக, ஏடிஎம் என்பதன் விரிவாக்கத்தை மனப்பாடம் செய்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை என் கணவரிடம் இருந்தது. அதில் கொடுமை ஒன்றும் இல்லை. பெரியகுளத்தில் அவருடைய அலுவலகத்துக்கு எதிரிலேயே மெஷின். அட்டை தபாலில் வந்த அன்று அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் சரி என்றேன். இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் எந்த மெஷினிலும் எந்த அட்டையையும் நான் செருகியதில்லை. மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு பருவமும் பயந்தேன். யாரும் கேட்கவில்லை. தேர்வில் வராததை அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்?

ஆராய்ச்சிக்கு என்னைத் தள்ளியவர் கல்லூரி முதல்வர். இன்ன ஜூன் மாதத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்காதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அந்த வேலை எனக்கு வேண்டும். அதை விட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் மதுரை போய்வர முடியாது. அதைவிட முக்கியமான காரணம், நான் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று என் மாமியாரும் நானும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் எனக்குக் கைடாக ஒப்புக்கொண்டார். அவரிடம் ஒரு மாணவர் விருதுநகர் மாவட்டத்தை ஏற்கெனவே ஆராய்ந்து முடித்திருந்தார். திண்டுக்கல் முடியும் நிலையில் இருந்தது. "தேனி காலியாத்தான் இருக்கு," என்றார், மனை விற்கிறவர் மாதிரி. அப்படியாக, தேனி மாவட்ட மக்கள் மின்னணு வங்கிச் சேவையை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் தலைப்பாயிற்று. விருதுநகர்க்காரர் தயாரித்த கேள்வித்தாளையே கொடுத்தார். விருதுநகர்க்காரர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன், ஐந்து என்றால் முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன். 'ஏடிஎம் இயந்திரத்துடனான எனது ஊடாட்டம் தெளிவானதாகவும் புரிந்துகொள்ளத் தக்கதாகவும் உள்ளது' என்பது மூன்றாவது வாக்கியம். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ இடித்தது. ஆனால் அச்சில் இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கேள்வித்தாளின் தலையில் நான் சொந்தமாக நான்கு வரி சேர்த்தேன். இந்த ஆய்வு என் முனைவர் பட்டத்துக்கானது, தங்களுடைய பதில்கள் எனக்குப் பேருதவியாக இருக்கும் என்று பணிவாக எழுதினேன். அந்தப் பணிவுதான் பின்னால் வினையானது.

பாதி படிவங்களைக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்து மாணவர்களிடம் கொடுத்து அனுப்பினேன். மீதியை நானே எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன். குழந்தையை மாமியாரிடம் விட்டுப் போகலாம் என்றால் அத்தை ஒப்பவில்லை.

"வாரம் ஆறு நாளு நான் பாத்துக்கிறேன். ஞாயித்துக்கெழம எனக்கும் லீவுதான். கெவர்மெண்டே குடுக்குது, நீ என்னா குடுக்க மாட்டேங்கிற?"

ஆக, இடுப்பில் ஒன்றரை வயது மகள், தோளில் படிவங்கள் உள்ள பை, கையில் தண்ணீர் பாட்டில். கம்பத்துத் தெருக்களில் ஒரு கதவும் எனக்குச் சாத்தப்படவில்லை. நான் அதைக் கேள்வித்தாளின் தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பத்தில் ஒரு ராவுத்தர் வீடு. குமுளிக்கு மேலே அவர்களுக்கு ஏலத்தோட்டம். அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியும் உரத்த குரலுமாக, தோட்டத்து ஆட்களிடம் போனில் மலையாளத்தில் பேசிக்கொண்டே என்னைத் தமிழில் உட்காரச் சொன்னார். மகளுக்கு ஒரு தட்டு நேந்திரம் சிப்ஸ் வந்தது. வீட்டில் இருந்த நான்கு பெண்களுக்கும் நான்கு படிவம் கொடுத்தேன். எப்படிப் போட வேண்டும் என்று விளக்கினேன். "ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எது வேணாலும் போடலாம்மா, உங்க இஷ்டம்." கால் மணி நேரத்தில் நான்கும் வந்துவிட்டன. அக்கம்பக்கத்துக்கும் அவரே ஆளனுப்பினார். அன்று ஒரே தெருவில் இருபத்தாறு படிவம் சேர்ந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில், ஆராய்ச்சி எனக்கு இயல்பாகவே வருகிறதோ என்று நினைத்தேன்.

எண்களையெல்லாம் கணினியில் ஏற்றி மதுரைக்கு எடுத்துப்போனேன். ஆல்பா என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அந்தக் கேள்வித்தாளை நம்பலாமா என்று சொல்லும் எண் அது. ஒன்றுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. எனக்கு வந்தது கிட்டத்தட்ட ஒன்றேதான். கைடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"விருதுநகர்லகூட இப்படி வரலம்மா. தேனிக்காரங்க ரொம்பத் தெளிவு. எழுத ஆரம்பிச்சுரு. ஆறு மாசத்துல முடிச்சுரலாம்."

வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். எதற்கு என்று கேட்டதற்கு ஆல்பா என்றேன். என் கணவர் அது யார் என்று கேட்டார்.

சந்தோஷம் பதினொரு நாள் இருந்தது. படிவங்களை வரிசைப்படுத்தும்போது ஒன்றில் கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி இல்லை. கம்பத்தில் வாங்கியது. ஓரத்தில் சின்னப் பல் தடம். முப்பத்தொன்று முதல் நாற்பது வரையிலான பதில்களை என் மகள் தின்றுவிட்டிருந்தாள். இருநூற்றுச் சொச்சம் படிவங்களில் ஒன்றில் பத்து பதில். வேறு யாராக இருந்தாலும் தாங்களே போட்டு நிரப்பியிருப்பார்கள். போடலாம் என்று பேனாவை எடுத்தேன், பயந்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். கடைசியில் அந்தப் பத்து பதிலுக்காக, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் படிவங்களையும் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கம்பத்துக்குப் போனேன்.

"என்னாத்தா, பாஸாயிட்டியா?" வாசலிலேயே அந்த அம்மா கேட்டார்.

"இன்னும் எழுதவே ஆரம்பிக்கலம்மா. இந்த ஒரு பக்கத்த மட்டும் திரும்பப் போட்டுத் தரணும்."

"அன்னைக்கே முழுசும் போட்டமே? கொறச்சுக் கிறச்சுப் போட்டுட்டமோ?"

"இல்லம்மா. பாப்பா தின்னுட்டா."

"அடி ஆத்தி! பசியில தின்னுச்சோ என்னமோ. ஏ, அந்தச் சிப்ஸ எடுத்துட்டு வா."

பேனாவை வாங்கினார். மளிகைச் சாமான் வந்ததும் சீட்டில் டிக் அடிப்பது போல, மேலிருந்து கீழே, பத்து ஐந்துகளையும் ஒரே மூச்சில் வட்டம் போட்டார். மூக்குக் கண்ணாடி மேசைமேல் இருந்தது.

"அம்மா, கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"என்னத்தப் படிக்க? ஒனக்குத்தான மார்க்கு? கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல அலையிற. நாலு போட மனசு வருமா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் மேலே பேசிக்கொண்டே போனார்.

"எதுத்த வீட்டு வாத்தியாரு நாலு போட்டாராமுல்ல. எல்லாத்துக்கும் நாலு! கேட்டா, ஃபுல் மார்க்கு குடுத்தா புள்ளைக்குத் தலக்கனம் வந்துரும்ங்கிறாரு. ரிட்டயராகியும் புத்தி மாறல பாரு. அவுக வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டேன், ஒரு புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போடாதீகன்னு."

வெளியே வந்து பஸ் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் இருந்த படிவங்களைப் பிரித்தேன். அதுவரை நான் எண்களைத்தான் பார்த்திருந்தேன், படிவங்களைப் பார்க்கவில்லை. ஏடிஎம் பயன்படுத்துவது எனக்கு எளிது: ஐந்து. ஏடிஎம் பயன்படுத்துவது எனக்குக் கடினம்: ஐந்து. எனக்கு வங்கிக்கு நேரில் போவதே பிடிக்கும்: ஐந்து. வங்கிக்கு நேரில் போவது எனக்கு வெறுப்பு: ஐந்து. அடுத்த படிவம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. வாத்தியார் மட்டும் எளிதுக்கும் நாலு, கடினத்துக்கும் நாலு. மாணவர்கள் வாங்கி வந்தவற்றில் கொஞ்சம் மூன்று இருந்தது. அவை நான் உள்மதிப்பீட்டில் கை இறுக்கிய மாணவர்களின் வீடுகள். ஆல்பா ஏன் ஒன்றைத் தொட்டது என்று அப்போது விளங்கியது. ஒவ்வொருவரும் தலையிலிருந்து கால்வரை ஒரே மார்க் போட்டிருந்தார்கள். இதைவிட ஒத்துப்போகிற பதில்களை யாரால் கொடுக்க முடியும்? மின்னணு வங்கியை யாரும் மதிப்பிடவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து என்னைப் பாஸ் போட்டிருந்தார்கள்.

கைடிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இத எதுக்கும்மா எங்கிட்டச் சொல்ற?"

"தப்பான டேட்டா சார்."

"தப்புன்னு யாரு சொன்னா? அவங்க போட்டாங்க, நீ எண்ணுன. மக்கள் டெக்னாலஜிய ஏத்துக்கிட்டாங்கன்னு முடிவு. நல்ல சேதிதான? யாருக்கு என்ன நட்டம்?"

"எளிதுன்னும் போட்டிருக்காங்க, கடினம்னும் போட்டிருக்காங்க சார்."

"அந்தக் கடினத்த எடுத்துரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையில் நல்ல யோசனைதான். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். உசிலம்பட்டி தாண்டும் வரை கடினத்தை எடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். இதை நேர்மை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பயம்தான். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வருவார், ஏதாவது ஒரு படிவத்தைக் காட்டு என்பார், நான் காட்டுவேன், அவர் பார்ப்பார். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது அந்தப் பேராசிரியரின் முகமே தெரிந்துவிட்டது. மீசைகூட வைத்திருந்தார்.

மறு வாரம் கைடிடம் போய், திரும்ப முதலிலிருந்து எடுக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, திண்டுக்கல்லையும் விருதுநகரையும் நான் குறை சொல்லிவிட்டேன் என்பது போல இருந்தது. ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை. முதலில் எடுத்த கணக்கெடுப்பைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு எழுத்துகூட வரக்கூடாது. முதல்வரிடமும் போய் நின்றேன். அவர் சுற்றறிக்கையில் இருந்த ஜூன் மாதத்தை அடித்துவிட்டு அடுத்த ஜூன் என்று எழுதினார். "இதுதான் கடைசி, மேடம். அதுக்கப்புறம் வேற ஆளப் பாத்துருவோம்."

இந்த முறை எண்கள் இல்லை, வாக்கியங்கள் இல்லை. ஒரே கேள்வி. இந்த வீட்டில் கடைசியாகப் பணம் எடுத்தபோது மெஷினில் பொத்தானை அமுக்கியது யார் விரல்?

அதைக் கேட்டதும் பேச்சு வந்தது பாருங்கள். மதுரையில் படிக்கிற மகன் விடுமுறைக்கு வரும்போது அவன் விரல். ஒரு வீட்டில் மருமகன் விரல். அடுத்த வீட்டில் அதையே கேட்டதற்கு, "மருமகன் கையிலயா? மகன் கையிலதான் குடுப்போம், மருமகன் எடுத்துட்டுப் போயிருவாருல்ல." செல்போன் கடைக்காரர் விரல். எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் விரல். தெருவில் பாதிப் பேருடைய ரகசிய எண் அவருக்கு மனப்பாடம். ஒரு வீட்டில் ரகசிய எண் மறந்துபோய் அவரிடமே கேட்டு வாங்கியிருந்தார்கள்.

ராவுத்தர் வீட்டு அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னிடம் திருப்பினார்.

"சரி, ஒன் கார்டு யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தான்மா," என்றேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. "வீட்டுக்காரர்கிட்ட."

அவர் சிரித்த சிரிப்பில் மற்ற மூன்று பெண்களும் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்கள். "அடியே, இந்தப் புள்ளதான் காலேசுல ஏட்டிஎம்மு சொல்லிக்குடுக்குது!"

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அட்டையைக் கேட்டேன். என் கணவர் உடனே எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு எளிது என்று தெரிந்திருந்தால் முன்னமே கேட்டிருக்கலாம்.

"நம்பர் என்ன?"

"என் வண்டி நம்பர்தான்."

வாகன எண்ணை ரகசிய எண்ணாக ஒருபோதும் வைக்கக்கூடாது என்று நான் ஆண்டுதோறும் எழுதிப்போடுவது நினைவுக்கு வந்தது. அதைவிட மோசம், அவர் வண்டி எண் எனக்குத் தெரியாது. வாசலுக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மறுநாள் தேனிக் கடைவீதியில் ஒரு மெஷின் முன்னால் நின்றேன். அட்டையைத் தலைகீழாகச் செருகினேன்; துப்பியது. நேராகச் செருகினேன். மொழி கேட்டது. தமிழா ஆங்கிலமா என்று யோசித்தேன். பாடம் நடத்துவது ஆங்கிலத்தில்; பயப்படுவது தமிழில். யோசித்து முடிப்பதற்குள் அட்டையை மறுபடி வெளியே தள்ளிவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காவலாளி, மில்லில் ரிட்டயரானவர், ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

"குடுங்க டீச்சர், நான் போட்டுத் தாறேன். நம்பரச் சொல்லுங்க."

சொன்னேன். உரக்கச் சொன்னேன், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. படிவத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்: காவலாளி விரல்.

ஆய்வேட்டில் காவலாளி என்றே எழுதினால் யாருக்காவது வேலை போய்விடுமோ என்று பயந்து, 'உடனிருந்து உதவுபவர்' என்று எழுதினேன். கைடு அதை 'இடைநிலைச் செயலர்' என்று மாற்றினார். யார் படித்தாலும் அந்த ஸ்டூல்காரரைக் கண்டுபிடிக்க முடியாது. நிம்மதியாக இருந்தது. ஏட்டைச் சமர்ப்பித்தேன். ஏப்ரல் கடைசியில் வாய்மொழித் தேர்வு என்று கடிதம் வந்தது. அதற்கும் ஜூனுக்கும் நடுவே ஒரு மாதம்தான்.

வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் பக்கம் பாதி தேர்வு, பாதி விசேஷம். வெளித் தேர்வாளருக்கு மாலை, பொன்னாடை, வந்தவர்களுக்கு வடை, காபி. பொதுமக்கள் யாரும் வந்து கேள்வி கேட்கலாம் என்று விதி. பொதுமக்கள் வரமாட்டார்கள் என்பதால் ஜூனியர்களிடம் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து வைப்போம். 'உங்கள் ஆய்வின் எல்லைகள் யாவை?' இதைக் கேட்கப் போகிறவருக்கு ஒரு வடை கூடுதல்.

ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தில், ஆய்வில் பங்கேற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் செய்வதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கம்பத்துக்குப் போன் போட்டு அந்த அம்மாவிடம் தெரிவித்தேன்.

அன்று மதுரையில் அறைக்குள் நுழைந்தபோது முன்வரிசையில் அந்த அம்மாவையும் சேர்த்துக் கம்பத்துப் பெண்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த வேன், வழியில் என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தியிருந்தது. மடியில் ஜவுளிப் பைகள். பின்வரிசையில் என் கணவர் மகளை வைத்துக்கொண்டு வடை எண்ணிக்கையில் மும்முரமாக இருந்தார். வெளித் தேர்வாளர் திருவனந்தபுரத்துக்காரர். மீசை இல்லை.

நான் படங்களைக் காட்டிப் பேசினேன். அவர் மூன்று கேள்வி கேட்டார், இரண்டுக்குத் தெரிந்தது. பிறகு வழக்கம்போல, "அவையோர் யாரும் கேட்கலாம்," என்றார் கைடு. ஜூனியர் துண்டுச் சீட்டைப் பிரிப்பதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"ஏத்தா, எல்லாம் நல்லாத்தான் சொன்ன. நாங்க மொதல்ல போட்டோம்ல, ஃபுல் மார்க்கு, அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே? அத என்னா செஞ்ச?"

கைடு மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். தேர்வாளர் ஏட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"எந்த மார்க்கு?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ எடுத்தது என்றும் சொல்லியிருக்கலாம். கைடு என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார். எனக்கு எதிரே ஜவுளிப் பையோடு நின்றவர், நான் வெயிலில் அலைந்ததற்காக ஐந்து போட்டவர். அவர் முன்னால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சார், இதுக்கு முன்னால ஒரு சர்வே எடுத்தேன்," என்றேன். "எல்லாரும் எனக்கு மார்க் போட்டுட்டாங்க." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. வாத்தியாரின் நாலு, ஆல்பா, மகள் தின்ற பக்கம் எல்லாம் வந்துவிட்டது. என் குரல் எனக்கே கூச்சலாகக் கேட்டது. கைடு சொன்ன நிபந்தனையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

தேர்வாளர் மறுபடி ஏட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஸாரே, ஒரு காரியம் பறயட்டே?" என்று, ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்டு, மலையாளத்துக்குத் தாவினார்.

தேர்வாளர் முகம் மலர்ந்தது. "பறயூ சேச்சி."

அதன்பிறகு என் எதிர்காலத்தை அவர்கள் இருவரும் மலையாளத்தில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த மலையாளம் குமுளி பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற அளவுதான். மார்க்கு என்ற சொல் மூன்று முறை வந்தது. அந்த அம்மா என் மகளைக் கைகாட்டினார். 'பாவம்' என்று இரண்டு முறை சொன்னார். அது இரு மொழியிலும் ஒன்றுதான் என்பதால் எனக்குக் கண் கலங்கியது. தேர்வாளர் ஏதோ கேட்டார். அம்மா கோபமாகப் பதில் சொன்னார். தேர்வாளர் சிரித்தார். கைடு எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு தேர்வாளர் என்னிடம் திரும்பி, பேனாவை மூடி வைத்தார்.

"அந்த ஃபாரம் எல்லாம் இருக்கா?"

"இருக்கு சார்."

"இந்த தீசிஸ் இப்படியே போகாது. அந்த ஃபாரத்த வச்சு ஒரு சாப்டர் எழுதணும். நடந்தது நடந்தபடி. முப்பது நாள் தரேன். கொண்டுவந்தா கையெழுத்து. இல்லன்னா இல்ல."

கைடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இப்படி ஒரு சாப்டர் இல்லாம எத்தன தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட்டேனோ," என்றார் தேர்வாளர், அவரைப் பார்க்காமல்.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "என்னாத்தா, கெடுத்துட்டனா?"

"தெரியலம்மா," என்றேன். அது உண்மை. முப்பது நாள் கழித்துத்தான் தெரியும்.

"அப்ப உக்காந்து எழுது. எங்க தெருவப் பத்திக் கொறவா எழுதிறாத." வேன் ஹாரன் அடித்தது. ஆறு பேரும் ஆளுக்கொரு வடையோடு ஏறிப்போனார்கள்.

படிவங்கள் அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுப் பரணில், அரிசிச் சாக்கில் இருந்தன. தூக்கிப்போடத் துணிவில்லாமல் வைத்திருந்தேன். கணவர் ஏணியில் ஏறி இறக்கிக் கொடுத்தார். "எலிக்குத்தான் சேத்து வச்சிருக்கன்னு நெனச்சேன்," என்றார் அத்தை. சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, பேத்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

தரையில் படிவங்களைப் பரப்பினேன். முதல் நாள் ஒரு வரிகூட ஓடவில்லை. ஆய்வேடு என்றால் முன்னால் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதித்தான் பழக்கம். விருதுநகரில் இப்படி ஒரு அத்தியாயம் இல்லை, திண்டுக்கல்லிலும் இல்லை. கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்று தொடங்கினேன். இந்த ஊரில் ஒரு பெண் குழந்தையோடு வந்து ஒரு தாளை நீட்டினால் அது எப்படி வாசிக்கப்படும், யார் ஐந்து போட்டார்கள், யார் நாலு, ஏன் என்றெல்லாம் எழுதினேன். எளிதுக்கும் கடினத்துக்கும் சேர்த்து ஐந்து போட்டவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்காத ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்னார் என்று ஒரு இடத்தில் எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். பதினெட்டு நாளில் முடிந்தது. கெடு முடியும் முன்பே, மே மூன்றாம் வாரத்தில், திருவனந்தபுரத்துக்குத் தபாலில் போயிற்று. ஜூன் முதல் வாரம் கையெழுத்தோடு திரும்பி வந்தது; வேலை தப்பியது.

ஓரத்தில் இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்பதற்கா, சரியில்லை என்பதற்கா என்று எழுதவில்லை. கேட்கலாம் என்று போனை எடுத்தேன். கையெழுத்துப் போட்டபிறகு கேட்டு வம்பை வாங்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.